நெப்டியூனும் வல்கனும்: பொய்ப்பித்தல் அளவுகோல் குறித்த ஒரு மறுநோக்கு

தவறென மெய்ப்பிக்கப்படும் வாய்ப்பை ஏற்கும் கூற்றே அறிவியலுக்குரியது என்பது கார்ல் பாப்பர் 1934-இல் முன்வைத்த அளவுகோல். போலி அறிவியலை மறுப்போர் பலரும் இதனை இவ்வளவில் எடுத்தாள்கின்றனர். வானியல் வரலாற்றின் இரு நிகழ்வுகளை அருகருகே வைத்து நோக்கின், இவ்வாசிப்பின் போதாமை புலனாகும்.

1781-இல் கண்டறியப்பட்ட யுரேனஸ், நியூட்டனின் ஈர்ப்பு விதிப்படி கணித்த பாதையினின்று விலகியது. மேற்கண்ட அளவுகோலின்படி விதி பொய்த்திருக்க வேண்டும். ஆயின் லெவெரியே விதியைக் கைவிடாது, அறியப்படாத கோளொன்று யுரேனஸை ஈர்க்கிறது எனக் கொண்டு, அக்கோளின் இருப்பிடத்தையும் கணித்தார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லின் வானாய்வகத்தில் காலே தேடியபோது, குறித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள்ளேயே நெப்டியூன் தென்பட்டது.

புதனிலும் இத்தகைய சிக்கல் எழுந்தது. பிற கோள்களின் ஈர்ப்பைக் கணக்கிட்ட பின்னும், அதன் ஞாயிற்றண்மைப் புள்ளி நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 43 விகலை மிகுந்து நகர்ந்தது. 1859-இல் லெவெரியே மீண்டும் அதே வழியை நாடினார். புதனுக்கும் ஞாயிற்றுக்கும் இடையே கருதப்பட்ட கோள் வல்கன் எனப் பெயர் பெற்றது. அதனைக் கண்டதாகச் சிலர் அறிவித்தனர், எதுவும் உறுதிப்படவில்லை. 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல், புதிய கோள் எதுவுமின்றியே அந்நகர்வை விளக்கியது.

வென்ற கருதுகோளும் தோற்ற கருதுகோளும் தருக்க வடிவில் ஒன்றே. எனினும் வல்கனுக்காக லெவெரியேயைப் போலி அறிவியலார் என எவரும் கூறுவதில்லை, கூறுதலும் தகாது. வல்கன் தேடத்தக்கதாக இருந்தது, தேடியவர்கள் ஏமாந்தனர். துணைக் கருதுகோள் கோட்பாட்டின் சோதனைக்குரிய தன்மையைக் குறைக்கலாகாது என்று பாப்பரே அந்நூலில் வற்புறுத்தியுள்ளார். மேற்கோள்களில் விடுபடும் பகுதி இதுவே.

சோதிடத்தை இங்குப் பொருத்தலாம். சோதிடக் கணிப்புகள் பல பொய்த்துள்ளன என்பதால், அது பொய்ப்பிக்க இயலாதது என்னும் வாதம் செல்லாது எனத் தாமஸ் கூன் சுட்டினார். குறை வேறிடத்தில் உள்ளது. கணிப்புப் பொய்த்தபின் பிறந்த நேரம் சில நிமிடம் பிழைபட்டது எனக் கூறப்படுகிறது. திருத்திய நேரத்தைக் கொண்டு அடுத்த நிகழ்வை முன்கூட்டிக் குறித்துச் சோதிக்கும் முயற்சி அதனைத் தொடர்வதில்லை. இவ்வேறுபாடு கண்முன் இருக்க, எல்லைக்கோட்டு வினாவையே 1983-இல் லாரி லாடன் கைவிடச் சொன்னது மிகை.

ஒரு சிக்கல் எஞ்சுகிறது. வல்கன் கருதுகோள் அரை நூற்றாண்டுக்கு மேல் முற்றாகக் கைவிடப்படவில்லை. அத்தேடல் எந்த ஆண்டோடு நின்றிருக்க வேண்டும் எனக் கூறும் விதி பாப்பரிடம் இல்லை. அவரைத் திருத்த முனைந்த லகடோஷிடமும் இல்லை.