புத்தகமில்லாத இழுப்பறைகள்

நூலகத்தைக் கலைப்படைப்பாக்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் புத்தக அலமாரியிலிருந்துதான் தொடங்குவார்கள். அறிவு என்றால் அடுக்கடுக்காக உயர்ந்து நிற்பது என்று நமக்குள் ஊறிப்போன நினைப்புக்கு அலமாரி பொருந்திப்போகும். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் அலமாரியைத் தொடவில்லை. அதன் பக்கத்தில் யார் கண்ணிலும் படாமல் நிற்குமே, சின்னச் சின்ன இழுப்பறைகள் கொண்ட கேட்லாக் பெட்டி, அதை எடுத்துக்கொண்டார்.

2016 டிசம்பர் முதல் 2017 மார்ச் வரை நடந்த கொச்சி முசிறிஸ் பியனாலேயில் வைக்கப்பட்ட அந்தப் படைப்புக்கு 'கேபினட் ஆஃப் ரெசிஸ்டன்ஸ் எண் 2' என்று பெயர். எதிர்ப்பின் பேழை என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். நூலகத்தில் இழுப்பறைக்குள் இருக்கும் அட்டை ஒரு புத்தகத்தின் இருப்பிடத்தைச் சொல்லும். இங்கே அட்டை சுட்டுவதற்குப் புத்தகம் எதுவும் இல்லை. போருக்குள் வாழ்ந்த சாதாரண சனத்தின் கதைகள்தான் உள்ளே இருக்கின்றன. எதிர்ப்பு என்றதும் துப்பாக்கியைத் தேடினால் ஏமாந்துபோவோம். அன்றாடத்தைக் கைவிடாமல் இருந்ததைத்தான் சனாதனன் எதிர்ப்பு என்கிறார்.

இதன் கனம் புரிய யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதை தெரிந்திருக்க வேண்டும். 1933இல் க. மு. செல்லப்பா என்ற தனிமனிதரின் முயற்சியில் சிறிதாகத் தொடங்கியது அது. புதிய கட்டடத்தை வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த வி. எம். நரசிம்மன். நூலக அமைப்புக்கு ஆலோசனை சொன்னவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1959 அக்டோபரில் திறந்தார்கள். 1981 மே 31 இரவு தொடங்கிய தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. எம். ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை' அந்தத் தீயிலிருந்து பிறந்த கவிதை.

ஒரு நூலகம் எரியும்போது புத்தகங்களோடு கேட்லாக்கும் எரிந்துவிடுகிறது என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற நூலகர் அண்ணாச்சி ஒருவர் அடிக்கடி சொல்வார்: "புத்தகம் தொலைஞ்சா கார்டைப் பார்த்து மறுபடி வாங்கிடலாம் தம்பி. கார்டும் போச்சுன்னா, தொலைஞ்சது எதுன்னே தெரியாதுல்ல." சனாதனனின் பேழை முன் நின்றபோது இந்தச் சொல்தான் காதில் விழுந்துகொண்டிருந்தது. என்ன தொலைந்தது என்பதற்கான பட்டியலாவது எஞ்சட்டும் என்ற தவிப்பில் செய்த பெட்டி அது.

நூலக அழிவை வைத்துச் செய்த புகழ்பெற்ற படைப்புகள் உலகில் வேறும் உண்டு. 1933 மே மாதம் நாஜிகள் புத்தகங்களை எரித்த பெர்லின் சதுக்கத்தில் மிக்கா உல்மன் தரைக்குக் கீழே ஓர் அறை கட்டினார். கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தால் வெறும் வெள்ளை அலமாரிகள். சுமார் 20,000 புத்தகங்களுக்கான இடம், ஒன்றுகூட இல்லை. வியன்னாவில் 2000ஆம் ஆண்டு ரேச்சல் வைட்ரீட் கொல்லப்பட்ட ஆஸ்திரிய யூதர்களின் நினைவாக எழுப்பிய கான்கிரீட் நூலகத்தில் புத்தகங்கள் முதுகை உள்ளே திருப்பி நிற்கின்றன. தலைப்பைப் படிக்க முடியாது, கதவையும் திறக்க முடியாது. இரண்டும் மகத்தானவை. ஆனால் இரண்டிலும் பார்வையாளருக்கு மிஞ்சுவது மௌனம்தான். நாம் வெளியே நிற்கிறோம், அறிவு உள்ளே மூடிக்கிடக்கிறது.

சனாதனன் நம் கைக்கு வேலை கொடுக்கிறார். இழுத்தால்தான் கதை, படித்தால்தான் கதை. நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல என்பதிலிருந்து தொடங்கும் ரங்கநாதனின் ஐந்து விதிகள் (1931) ஒரு கலைப்படைப்பின் இலக்கணமாக மாறியதைப் பார்த்த மாதிரி இருந்தது. 1990க்குப் பிறகான பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெட்ரோலும் பேட்டரியும் கிடையாது. ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு எரித்தார்கள், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்டார்கள். இதெல்லாம் அறிவு இல்லையா? இதை எந்த எண்ணின் கீழ் வகைப்படுத்துவது? பேழை எழுப்பும் கேள்வி இதுதான்: எது அறிவு என்பதைவிட, எதற்கு அட்டை எழுதப்படுகிறது என்பது.

இந்தக் கேள்வி அவருக்குத் திடீரென்று வந்ததல்ல. 2011இல் வெளிவந்த 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' நூலில், இடம்பெயர்ந்தவர்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தார்கள். மேலே மெல்லிய தாளில் கட்டடக்கலைஞரின் கோட்டுப்படம், கூடவே சனாதனனின் ஓவியம். மொத்தமும் அலுவலகக் கோப்பு போலத் தைக்கப்பட்டிருக்கும். தோம்பு என்பது காலனி ஆட்சியில் நிலத்தையும் வரியையும் பதிந்த ஏடு. ஆள்கிறவன் எழுதிய ஏட்டின் வடிவத்தை எடுத்து, இழந்தவன் கையில் கொடுத்தார்.

எனக்குக் குறையாகப் பட்டதும் இந்த இடத்தில்தான். இழுப்பறைப் பெட்டி நூலகத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல. காவல் நிலையமும் முகாமும் மனிதர்களை அட்டையாக்கித்தான் வைத்திருந்தன. தோம்பில் இருந்த அந்தக் கசப்பு பேழையில் மட்டுப்பட்டுவிட்டது. பழைய மரத்தின் அழகு முந்திக்கொள்கிறது. கொச்சியில் பலர் இரண்டு இழுப்பறையைத் திறந்து, "எவ்வளவு அழகா இருக்கு" என்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். மரணமும் மண்ணெண்ணெயும் ஒரே அளவு பெட்டிக்குள் அடங்கும்போது துயரம் ஒழுங்காகிவிடுகிறது. 'எண் 2' என்ற பெயர் இன்னும் முடியவில்லை என்று சொல்லப் பார்க்கிறது. அந்த முடியாமை பெயரில் இருக்கிற அளவுக்குப் பெட்டியில் இல்லை.

ஆனாலும் இராஜபாளையத்துக்காரனான எனக்கு இந்தப் பேழை பக்கத்து வீட்டு விஷயமாகவே படுகிறது. தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த குமாரசாமி ராஜாவின் ஊர் இது. படிப்பதற்கு இங்கே மரியாதை உண்டு. மில் தொடங்கியவர்களைப் பற்றிப் புத்தகம் தேடினால் கிடைக்கும். மூன்று ஷிப்டும் பஞ்சுத் தூசியில் நின்று, அறுந்த நூலை நொடியில் முடிந்த பெண்களின் விரல் அறிவுக்கு ஒரு கார்டு கிடையாது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர், தறிச் சத்தம் மாறினதை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அடுப்பில், எப்போது இறக்கணும் என்பது கரண்டி பிடித்த கைக்குத்தான் தெரியும். இவை எந்த இழுப்பறையிலும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் தீ வைத்தார்கள். இங்கே யாரும் தீ வைக்கவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது அநியாயம். எரிக்கப்பட்ட அறிவுக்குக் குற்றவாளி உண்டு, நினைவுநாளும் உண்டு. எழுதப்படாமலே போகும் அறிவுக்கு இரண்டும் கிடையாது. ஒரு தலைமுறை தறியை விட்டு இறங்கினால் சத்தமில்லாமல் முடிந்துவிடும். சனாதனனின் பேழை எனக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான்: அட்டையை முதலில் எழுதலாம், புத்தகம் பின்னால் வரட்டும். வராவிட்டாலும், இப்படி ஒன்று இருந்தது என்பதற்கு அந்த அட்டை சாட்சியாக நிற்கும்.