போனவர்களை அழைத்த விழாக்கள்

1953ஆம் ஆண்டு ஈஸ்டரின்போது அயர்லாந்து அரசு வெளியுலகத்துக்கு ஓர் அழைப்பு விடுத்தது. 'ஆன் டோஸ்டல்' என்பது விழாவின் பெயர். சுற்றுலாக்காரர்கள் வராத வசந்த காலத்தில் ஊர் ஊராகக் கொண்டாட்டம் நடத்துவது, கடல் கடந்து போன ஐரிஷ் மக்களையும் அவர்கள் பிள்ளைகளையும் வரவழைப்பது என்று திட்டம். டப்ளினில் ஓ'கானல் பாலத்தின்மேல் பிளாஸ்டிக் தீச்சுடர்களோடு ஓர் அலங்காரத் தொட்டியை வைத்தார்கள். விரைவிலேயே ஓர் இளைஞர் அந்தச் சுடரைப் பிடுங்கி லிஃபி ஆற்றில் வீசிவிட்டார். 1958க்குப் பிறகு விழாவும் ஏறக்குறைய மறைந்துபோயிற்று.

அழைப்புக்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் இருந்தது. 1950களில் மட்டும் சுமார் 4 லட்சம் பேர் பிழைப்புத் தேடி அயர்லாந்தை விட்டுப் போனார்கள். 1961 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகை 28 லட்சமாக இறங்கி நின்றது. அதே காலத்தில்தான், இன்று உலகெங்கிலுமிருந்து பயணிகளை ஈர்க்கும் ஐரிஷ் விழாக்களில் பல பிறந்தன. இசைக்கான ஃப்ளா கியோலும் வெக்ஸ்ஃபோர்ட் ஆபரா விழாவும் 1951இல். புளூம்ஸ்டே, கால்வே சிப்பி விழா 1954இல். டப்ளின் நாடக விழா 1957இல். ரோஸ் ஆஃப் ட்ரலீ விழா 1959இல். ஊர் காலியாகிக்கொண்டிருந்தபோது எடுத்த விழாக்கள் இவை. அரசின் பெருவிழா சாய்ந்தது, இவை நிலைத்தன. காரணத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெக்ஸ்ஃபோர்டில் விழாவைத் தொடங்கியவர் டாம் வால்ஷ் என்ற உள்ளூர் மருத்துவர். ஒரு தபால்காரரும் ஓர் ஓட்டல்காரரும் அவருக்குத் துணை நின்றார்கள். உலக மேடைகள் மறந்துவிட்ட ஆபராக்களைத் தேடி எடுத்து நடத்துவது என்பதை அவர்கள் வழக்கமாக்கிக்கொண்டார்கள். அந்த வழக்கம் இன்றுவரை மாறவில்லை.

புளூம்ஸ்டேயின் தொடக்கம் இன்னும் எளிமையானது. ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸஸ்' நாவல் முழுவதும் 1904 ஜூன் 16 அன்று டப்ளினில் நடக்கிறது. அந்த நாளின் ஐம்பதாம் ஆண்டில், கவிஞர் பேட்ரிக் கவனாவும் நாவலாசிரியர் ஃப்ளான் ஓ'பிரையனும் நண்பர்கள் சிலரும் குதிரை வண்டிகளில் ஏறி நாவலின் தடத்தில் புறப்பட்டார்கள். பயணம் முடியவில்லை, பாதி வழியில் ஒரு மதுக்கூடத்தோடு நின்றுவிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, யுலிஸஸைத் தழுவிய நாடகம் இடம்பெற இருந்த டப்ளின் நாடக விழாவுக்கு ஆசி தர பேராயர் மறுத்தார். அந்த எதிர்ப்பில் அவ்வாண்டு விழாவே நடக்கவில்லை. இன்று ஒவ்வொரு ஜூன் 16 அன்றும் பழைய பாணித் தொப்பி அணிந்தவர்கள் நாவலை வாய்விட்டு வாசித்தபடி டப்ளின் தெருக்களில் நடக்கிறார்கள். எழுத்தை நேசித்த சிலருக்காக நடந்தது, கேட்க வந்த எல்லோருக்கும் உரியதாயிற்று.

எனினும் இந்த வரலாற்றின் இதயம் இசைதான். 1951இல் டப்ளின் பைப் இசைக் கலைஞர்களும் முல்லிங்கார் ஊர்க்காரர்களும் கூடி 'கோல்டஸ்' என்ற அமைப்பை நிறுவினார்கள். மரபு இசை அருகி வருவதைக் கண்டு அஞ்சியவர்கள் அவர்கள். அவர்கள் தொடங்கிய ஃப்ளா கியோலில் போட்டிகள் மாவட்ட அளவில் ஆரம்பித்து, மாகாணம் கடந்து, ஆகஸ்டில் அகில அயர்லாந்து மேடைக்கு வந்து சேரும். பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும்கூடத் தேர்வுச் சுற்றுகள் உண்டு. அதனால் புலம்பெயர்ந்தவரின் பேரப்பிள்ளை பிடிலைத் தூக்கிக்கொண்டு போட்டியாளராகவே தாத்தாவின் நாட்டில் வந்து இறங்குகிறது. சுமார் 22,000 பேர் வாழும் முல்லிங்காருக்கு 2022இல் ஒரு வாரத்தில் 5 லட்சம் பேர் வந்ததாகக் கணக்கு.

இந்த இசையை அருகிலிருந்து கேட்க வேண்டுமானால் கிளேர் மாவட்டத்தின் மில்டவுன் மால்பே என்ற சிற்றூருக்கு ஜூலையில் போக வேண்டும். அவ்வூர்க்காரரான வில்லி கிளான்சி பைப் வாசிப்பில் பெயர் பெற்றவர்; தொழில் தச்சு. அவரும் 1950களில் லண்டனுக்கு வேலைக்குப் போய்த் திரும்பியவர்தான். 1973 ஜனவரியில் அவர் மறைய, அந்தக் கோடையிலேயே அவர் பெயரில் ஓர் இசைப் பள்ளி தொடங்கியது. காலையில் வகுப்பு, மாலையில் மதுக்கூடங்களில் வாசிப்பு.

கூடத்தின் ஒரு மூலையில் ஆறேழு பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். மேடை இல்லை, மைக் இல்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து அமர்ந்திருப்பார்கள். கேட்க வந்தவருக்குத் தெரிவது முதுகுதான். பிடில்காரர் ஒரு மெட்டைத் தொடங்க, தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். தெரியாதவர் கருவியை மடியில் கிடத்திக் காது கொடுப்பார். இரண்டு மூன்று சுற்று முடிந்ததும் ஒருவர் புருவத்தை உயர்த்துவார். தாளம் அறாமல் அடுத்த மெட்டு பிறக்கும். 'இல்லன்' பைப்புக்காரர் வாயால் ஊதுவதில்லை. ஒரு முழங்கை துருத்தியை அமுக்கிக் காற்றை ஏற்ற, மறு முழங்கை பையை அழுத்தும். 'இல்லன்' என்ற ஐரிஷ் சொல்லே முழங்கையைக் குறிப்பதுதான். இந்தக் கலை 2017இல் யுனெஸ்கோவின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்ந்தது. நடுவே யாராவது பாடத் தொடங்கினால் கூடம் முழுக்க மூச்சடங்கிப் போகும். வட்டத்துக்குள் இருக்கும் நாற்காலி வாசிப்பவருக்கு உரியது. அதை அறிந்து சற்றுத் தள்ளி உட்கார்பவருக்கு இசை முழுதாகக் கிடைக்கும்.

போனவர்கள் திருப்பிக் கொடுத்த விழாவும் உண்டு. புனித பேட்ரிக் நாள் கொண்டாட்டம் 1737இலேயே பாஸ்டனில் நடந்தது; நியூயார்க் ஊர்வலம் 1762இல் தொடங்கியது. அயர்லாந்திலோ அது வழிபாட்டு நாள். 1960களின் தொடக்கம் வரை அன்று மதுக்கூடங்களைச் சட்டப்படி மூடிவைத்தார்கள். டப்ளினில் இன்று காணும் பல நாள் பெருவிழா 1996இல்தான் பிறந்தது.

எல்லாமே இப்படிப் புதியவை அல்ல. கெர்ரி மாவட்டத்தின் கில்லோர்க்லினில் மலையாட்டுக் கிடாயைப் பிடித்து வந்து, ஒரு பள்ளிச் சிறுமி கையால் முடிசூட்டி அரசனாக்கி, ஆகஸ்ட் 10 முதல் மூன்று நாள் நடத்தும் பக் சந்தைக்கு 1613ஆம் ஆண்டின் ஆவணம் இருக்கிறது. அதன் உயிர், கூடவே நடக்கும் குதிரை, மாட்டுச் சந்தையில் இருக்கிறது.

2013இல் அரசு மறுபடியும் 'தி கேதரிங்' என்று உலகத்து ஐரிஷ் மக்களை ஓராண்டு முழுக்க அழைத்தது. பணத்துக்காக உறவைக் கூப்பிடுகிறார்கள் என்று நடிகர் கேப்ரியல் பர்ன் கடுமையாகக் கண்டித்தார். ஆனாலும் ஊர்க்காரர்கள் அந்த அழைப்பைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான சிறு கூடல்களை நடத்தினார்கள். குடும்பங்கள் கூடின, ஒரே குலப்பெயர் கொண்டவர்கள் கூடினார்கள். அழைத்தது அரசானாலும் வாசலில் நின்று வரவேற்றது ஊர்தான்.

1953இன் அந்த ஆன் டோஸ்டலும் முற்றாக அழிந்துவிடவில்லை. லீட்ரிம் மாவட்டத்தின் டிரம்ஷான்போ என்ற சிற்றூர் அதைக் கைவிடாமல் இன்றும் எடுத்து வருகிறது. 1841இல் 1,55,000 பேர் வாழ்ந்த மாவட்டம் லீட்ரிம். 2022இல் இருந்தது சுமார் 35,000 பேர். பிள்ளைகளைக் கப்பலேற்றி அனுப்பிய வலியை அவ்வளவு அறிந்த ஊருக்கு அந்த அழைப்பு வெறும் சுற்றுலா விளம்பரமாக இருந்திருக்க முடியாது. தலைநகரில் சுடர் ஆற்றோடு போய் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் டிரம்ஷான்போ தன் விழாவுக்கு ஆட்களை அழைத்துக்கொண்டிருக்கிறது.