உறங்கிவிட்ட மகன்

சத்யஜித் ரேயின் 'அபராஜிதோ' (1956) திரைப்படத்தில் ஒரு காட்சி. விடுமுறைக்கு வந்த அப்பு படுத்திருக்கிறான். தான் நோயில் விழுந்தால், நீ உழைக்கும் காலத்தில் வைத்தியம் பார்ப்பாயா என்று தாய் சர்வஜயா கேட்கிறாள். பதில் இல்லை. மகன் உறங்கிவிட்டான்.

நமது சிறுகதைகளில் வரும் ஏழைத் தாய்மாரை நினைத்துப் பார்க்கிறேன். கடைசிப் பந்தியில் மகன் கண்ணீர் விடுவான். வாசகனும் மனநிறைவோடு பக்கத்தைப் புரட்டுவான். ரே அந்த மனநிறைவைத் தரவில்லை. அப்பு கெட்டவனல்லன். கல்கத்தாவில் இரவில் அச்சகத்தில் வேலை செய்து பகலில் படிப்பவன். ஒருமுறை ரயிலேறாமல் திரும்பிவந்து தாயோடு இன்னுமொரு நாள் தங்குபவன். அவன் படிக்கவெனத் தன் சேமிப்பைக் கொடுத்த சர்வஜயா, பரீட்சை கெட்டுவிடுமென்று நோயையும் மறைக்கிறாள். அவன் வந்து சேரும்போது அவள் இல்லை. அவள் கொடுத்த கல்வியே அவனை அவளிடமிருந்து தூரமாக்கியது.

என் உம்மா பன்பாய் இழைத்து என்னை ஆசிரியர் கலாசாலைக்கு அனுப்பினார். விடுமுறை இரவுகளில் அவர் பேசிக்கொண்டிருக்க நானும் உறங்கியிருக்கிறேன். அப்போது என்ன கேட்டாரோ, இனி அறிய வழியில்லை. தாயின் தியாகத்தை நிறையவே எழுதிவிட்டோம். உறங்கிய மகனையும் நம்மவர்கள் எழுத வேண்டும்.