இடக்கைக் குச்சி

ஒரு பறைக்குழுவின் தரம் தெரிய வேண்டுமானால் அவர்கள் தாவுவதைப் பார்க்கக் கூடாது. சலங்கையையும் தலைக்கட்டையும் பார்க்கக் கூடாது. வரிசைக்கு இடப்பக்கமாக ஒதுங்கி நின்று, ஆடுகிறவரின் இடக்கை விரல்களை மட்டும் பார்க்க வேண்டும். அங்கே சிம்புக்குச்சி என்ன செய்துகொண்டிருக்கிறதோ, அதுதான் அந்தக் குழு. வலக்கை அடிக்குச்சி யாரிடம் கொடுத்தாலும் சத்தம் போட்டுவிடும். பூவரசங்கம்பில் சீவிய அந்தக் குட்டைக் குச்சி தோலின் நடுவில் விழுந்தால் போதும், தெரு திரும்பிப் பார்க்கும். சிம்புக்குச்சி அவ்வளவு சுலபத்தில் பேசாது. ஆறு மாதம் பழகியவர் கையிலும் அது பாதி ஊமையாகத்தான் இருக்கும்.

ஒரு சாணைவிடச் சற்று நீளம், ஏறக்குறைய 28 செ.மீ.; தட்டையாகச் சீவிய மூங்கில். பறையின் மேல்விளிம்பை அணைத்தபடியே அதைப் பிடிக்க வேண்டியிருப்பதால் கையை ஓங்கி அடிக்க வழி கிடையாது. தோளும் முழங்கையும் சும்மா இருக்க, விரல்கள்தான் முழு வேலையையும் செய்தாக வேண்டும். நுனி மட்டும் பட்டால் சுள்ளென்று ஒரு வறண்ட ஓசை. முழு நீளமும் தோலில் படிந்து விழுந்தால் அதே குச்சி அகலமாகப் பேசுகிறது. விழுந்த குச்சியை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு வலக்கையால் அடித்தால் நாதம் நெரிந்து அடங்குகிறது. இந்த மூன்றையும் கலந்து, அடிக்குச்சியின் இரண்டு அடிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் இழை ஓட்டுகிறவரே ஆசான். அடிக்குச்சி கணக்குச் சொல்கிறது. அந்தக் கணக்குக்குள் உயிர் நடமாடுவது இடக்கையால். நல்ல ஆட்டக்காரரின் பாதம் அடிக்குச்சியோடு தரையில் விழும், தோளும் இடுப்பும் சிம்புக்குச்சியோடு குலுங்கும். ஒரே உடம்பில் இரண்டு ஓட்டம். பறையாட்டத்தின் அழகு இந்தப் பிளவில் இருக்கிறது என்பது இந்தக் கட்டுரையின் கட்சி.

எதிர்க்கட்சி பெரியது. இன்றைக்குத் தமிழ்நாட்டின் ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பூங்காவிலும் கடற்கரையிலும் பள்ளித் திடலிலும் கூடும் தன்னார்வப் பறைக்குழுக்களில் பாதிக்கு மேல் அந்தக் கட்சிதான். அவர்களுக்கு ஒருமை முக்கியம். முப்பது பேர் ஒரே நேரத்தில் குனிய வேண்டும், ஒரே நேரத்தில் பறையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும், ஒரே நேரத்தில் நிறுத்த வேண்டும். அதில் ஒரு கம்பீரம் இல்லாமலில்லை. பேரணியின் முகப்பில் அப்படி ஒரு வரிசை நடந்து வந்தால் மெய்சிலிர்க்கத்தான் செய்யும். ஆனால் முப்பது பேருக்கும் பொதுவாக வரக்கூடிய அடி எதுவோ அதைத்தான் அந்த ஒருமை அனுமதிக்கிறது. முதலில் பலியாவது இடக்கை. நேர்நின்றும் எதிர்நின்றும் வளைந்து நின்றும் ஆடுகிற பழைய ஒழுங்கில் ஒருவர் அடியை மாற்ற, எதிரில் இருப்பவர் அதை வாங்கித் திருப்பிக் கொடுக்கிற இடம் இருந்தது. பட்டாளத்து வரிசையில் அதற்கு இடமில்லை.

இந்தக் குழுக்கள் எங்கிருந்து வந்தன என்பதை நினைத்துக்கொண்டால் இந்தக் குறையைச் சொல்வதில் கொஞ்சம் நிதானம் வரும். பறையைத் தொடுவதே இழிவு என்று ஊர் சொல்லிவைத்திருந்த காலத்தில் அதை மேடைக்குக் கொண்டுவந்தவர்கள் இசை வித்துவான்கள் அல்லர். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு போன்றவர்கள் 1990-களில் பறையைப் பாட்டுக்கும் வழிபாட்டுக்கும் நடுவில் வைத்தார்கள்; அங்கே நடந்த தலித் கலைவிழாக்கள் பலருக்குக் கண் திறந்தன. திண்டுக்கல்லில் 1990 வாக்கில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு, தலித் பெண்களின் தோளில் பறையை மாட்டியது. ஆண்கள் மட்டுமே அடித்த கருவியைப் பெண்கள் அடித்து ஆடியபோது, ஆட்டத்தின் உடல்மொழியே வேறாயிற்று. சென்னைப் பக்கம் மணிமாறனும் மகிழினியும் நடத்தும் புத்தர் கலைக்குழுவிடம் பழகிவிட்டுப் போய்த் தங்கள் ஊரில் தனிக்குழு கட்டியவர்கள் பலர். அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோ ஷெரினியன் பரமக்குடிப் பக்கத்து முனைவென்றியின் குறிஞ்சி மலர் குழுவிடம் பறை பழகி, அவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். பிறகு சக்தி குழுவைப் பற்றியும் ஒன்று எடுத்தார். இன்றைய ஞாயிற்றுக்கிழமைக் குழுக்கள் எல்லாம் இந்த வேர்களில் முளைத்தவை. மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்ப்பவரும் செவிலியரும் கல்லூரி மாணவரும் ஒரே வட்டத்தில் நின்று, சாதி கேட்காமல் பறை பழகுகிறார்கள் என்பது சின்ன விஷயமல்ல.

குழு நடத்துகிறவர்களின் பாடு தனி. கட்டணம் கிடையாது என்று அறிவித்துவிடுகிறார்கள். ஆனால் பறைக்கு விலை உண்டு, தோல் கிழிந்தால் மாற்றச் செலவு உண்டு. வேப்பமரத்தில் மூன்று துண்டாக அறுத்து, இரும்புப் பட்டையால் வளையமாகப் பூட்டி, புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டிக் காயவைக்கத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஆளுக்கொரு பறை வாங்க முடியாமல் இரண்டு பேருக்கு ஒன்று என்று பகிர்கிறார்கள். பறை கிடைக்காதவர் வாயால் அடியின் சொற்கட்டைச் சொல்லித் தொடையில் தட்டிப் பழகுகிறார். இது ஏழ்மையால் வந்த ஏற்பாடு என்றாலும் பாடத்துக்கு நல்லது. வாயில் வராத அடி கையில் வராது. பழகும் இடத்துக்கு அடுத்த வீட்டுக்காரர் புகார் கொடுப்பார். பூங்காக் காவலாளி ‘வேறு இடம் பாருங்கள்’ என்பார். அதே தெருவில் இரவு பத்து மணி தாண்டியும் அலறும் ஒலிபெருக்கிக்குப் புகார் போவதில்லை, பகல் பதினோரு மணிப் பறைக்குப் போகிறது. இதற்குக் காரணம் சத்தத்தின் அளவு அல்ல என்பது எல்லாருக்கும் தெரியும்.

இனி ஃபைபர் பறை. மழைக்குத் தளராது, தீயில் காய்ச்ச வேண்டாம், எடை குறைவு, விமானத்தில் எடுத்துப் போகலாம், மாட்டுத்தோல் என்று முகம் சுளிக்கும் பள்ளி நிர்வாகத்திடமும் பிரச்சினை வராது. குழு நடத்துகிறவர்கள் சொல்லும் காரணங்கள் இவை. கடைசிக் காரணத்தைத் தவிர மற்றவற்றை ஏற்றுக்கொள்ளலாம். தோலுக்கு முகம் சுளிக்கிறவரைத் திருப்திப்படுத்தவா பறை இத்தனை தூரம் வந்தது? அதைவிட, ஃபைபரில் சிம்புக்குச்சி சறுக்குகிறது. தோல் குச்சியை ஒரு கணம் வாங்கி வைத்துத் திருப்பித் தரும். ஃபைபர் உடனே உதைத்துவிடும். அந்த ஒரு கணத்தில்தான் இடக்கையின் நெளிவு எல்லாம் இருக்கிறது. ஃபைபரில் பழகியவர் தோலுக்கு வரும்போது இடக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

காய்ச்சுவதையும் வெறும் சிரமமாக நினைப்பது தவறு. வயதான ரசிகர்களுக்கு நினைவிருக்கும்: கோயில் கொடைக்கு முந்தின மாலை, ஊருக்குப் புறத்தே வைக்கோலும் காய்ந்த பனையோலையும் எரியும், ஆசான் பறையைத் தணலுக்கு மேல் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டே விரலால் சுண்டிப் பார்ப்பார். ‘இன்னும் வரலை’ என்பார். மறுபடி காட்டுவார். மத்தளத்துக்கும் மிருதங்கத்துக்கும் சுருதி சேர்ப்பதை மண்டபத்தில் உட்கார்ந்து பயபக்தியோடு கேட்ட ஊர், இந்தச் சுருதி சேர்ப்பைக் காதில் வாங்கியதே இல்லை. தீயில் காய்ந்த தோலின் ஓசை அரைமணி நேரத்தில் இறங்கிவிடும் என்பதால் ஆட்டத்தின் அமைப்பே அதை ஒட்டி இருந்தது: உச்சத்தில் வாசிக்க வேண்டியது முதலில், தோல் தளரும்போது நிதானமான அடி, மறுபடி காய்ச்சி வந்து மறுபடி உச்சம். ஃபைபர் வந்தபின் எல்லாமே உச்சம்.

வேலு ஆசானைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறையாது. அலங்காநல்லூர் என்றதும் வெளியூர்க்காரருக்கு வாடிவாசல் நினைவுக்கு வரும். பறை ரசிகருக்கு இவர் நினைவுக்கு வருவார். சிறுவயதிலிருந்தே பறையோடு வளர்ந்தவர், சமர் கலைக்குழுவை நடத்துகிறவர், ஊர் ஊராகப் போய்ப் பயிற்றுவிப்பவர். 2025-இல் பத்மஸ்ரீ பட்டியலில் அவர் பெயர் வந்தபோது பல குழுக்களில் இனிப்புக் கொடுத்தார்கள்; கொடுக்க வேண்டியதுதான். அவரை ரசிப்பவர்கள் பெரும்பாலும் வேகத்தைச் சொல்லி ரசிக்கிறார்கள். வேகம் இருக்கிறது. ஆனால் அவர் வாசிப்பில் கவனிக்க வேண்டியது வேகம் கூடுவதற்குச் சற்று முன்னால் வரும் இடம். அங்கே வலக்கை ஏறக்குறைய ஓய்ந்துவிட, இடக்கை மட்டும் மெல்ல நடை போடும். கூட்டம் அடுத்த முழக்கத்துக்காகக் காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் தேர்ந்த காது தன் கூலியை வாங்கிக்கொள்கிறது. அலைபேசியில் பதிவு செய்கிறவர்கள் அந்த இடத்தில் கருவியைத் தாழ்த்திவிடுவதுதான் வருத்தம்.

ஒத்தையடி, சப்பரத்தடி, மருளடி, சாமிச்சாட்டு, வாழ்த்தடி, மாரடி என்று அடிகளுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் குழுக்களில் இன்னும் இருக்கிறார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. குறுகிய பயிற்சிகளில் மூன்று நான்கு அடிகளோடு மேடை ஏற்றிவிடுகிறார்கள்; மீதியைச் சினிமா அடி நிரப்பிவிடுகிறது. மாரடிதான் மிகவும் பின்தங்கிவிட்டது. சாவோடு சேர்ந்த அடி என்பதால் பல குழுக்கள் அதைக் கற்பிப்பதில்லை, சாவு வீட்டுக்கு வாசிப்பதுமில்லை. காரணம் கனமானது: சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக அடி வாங்கிய ஊர்கள் உண்டு. யார் முதுகில் அந்தச் சுமை ஏற்றப்பட்டதோ அவர்கள் வேண்டாம் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. கட்டாயத் தொழில் ஒழிய வேண்டும். அந்த அடி ஒழிய வேண்டாம் என்பது மட்டுமே இங்கே வைக்கும் கோரிக்கை. பறையில் இவ்வளவு மெதுவாக, இவ்வளவு இடைவெளி விட்டு நடக்கும் வாசிப்பு வேறில்லை. சிம்புக்குச்சிக்கு அதைவிட நல்ல பாடமும் இல்லை. தங்கள் தோழர் ஒருவர் மறைந்தால், யாரும் ஏவாமல், மரியாதையாகப் போய் வாசித்துவிட்டு வரும் குழுக்களும் இருக்கின்றன. அப்படி வாசிக்கும்போது மாரடியின் பொருளே மாறிப் போவதைக் கேட்டவர்கள் சொல்வார்கள்.

இன்னொரு பக்கம், கல்யாண மண்டப வாசலில் பறைக்கு இருந்த இடத்தைக் கேரளத்துச் செண்டை பிடித்துக்கொண்டுவிட்டது. சிங்காரி மேளம் சென்னையிலும் கோவையிலும் மட்டுமல்ல, மதுரைப் பக்கமும் சாதாரணமாகிவிட்டது. செண்டை மேல் குற்றமில்லை. பஞ்சாரி மேளம் முறையாக நடக்கும்போது அதன் காலப் பிரமாணத்துக்குத் தலைவணங்கத்தான் வேண்டும். ஆனால் மண்டபத்துக்கு வருவது அந்த மேளமல்ல. பக்கத்து ஊர்ப் பறைக்குழுவைக் கூப்பிடத் தயங்கும் வீடு, மாநிலம் தாண்டி ஆள் வரவழைக்கிறது என்றால் அது இசைத் தேர்வு மட்டுமல்ல.

இங்கே தன்னார்வக் குழுக்கள் தங்களையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. புத்தகக் காட்சிக்கும் கல்லூரி விழாவுக்கும் இவர்கள் போக்குவரத்துச் செலவு மட்டும் வாங்கிக்கொண்டு ஆடுகிறார்கள். அமைப்பாளருக்கு லாபம். ஆனால் அந்த நாளுக்குச் சம்பளம் வாங்கியிருக்க வேண்டிய பரம்பரைக் கலைஞர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். வேறு வருமானம் உள்ளவர் ஆசைக்கு ஆடுவதும், பறையையே நம்பியவர் வாய்ப்பை இழப்பதும் ஒரே மேடையில் நடக்கின்றன. சில குழுக்கள் இதை உணர்ந்து, காசு கொடுக்கக்கூடிய அழைப்புகளை ஊர்க் கலைஞர்களுக்கே திருப்பிவிடுகின்றன. இலவச நிகழ்ச்சிகளை மட்டும் தாங்கள் வைத்துக்கொள்கின்றன. சென்னையில் மாற்று ஊடக மையம் வீதி விருது விழா நடத்தி ஊர்க் கலைஞர்களைக் கூப்பிட்டு மேடையேற்றுவதும் இந்த வழியில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. குழுக்கள் இதைத் தங்கள் அளவில் செய்யலாம். வகுப்புக்கு ஊர் ஆசான் ஒருவரைச் சம்பளம் கொடுத்து அழைக்கலாம். அன்றைக்குப் புதுப் பாடம் வேண்டாம். அவரை வாசிக்கச் சொல்லி எல்லாரும் இடப்பக்கம் போய் உட்காரலாம்.

ஆண்டுவிழா வைக்கும் குழுக்களிடம் கேட்பது இவ்வளவுதான்: அழைப்பிதழில் சிறப்பு விருந்தினருக்கு மேலே அந்த ஆசானின் பெயர் அச்சாகட்டும். பயணப்படியோடு மேடைச் சம்பளமும் கவரில் போகட்டும். திடலின் ஓரத்தில் தீ மூட்டத் தீயணைப்பு அனுமதி வேண்டுமென்றால் அதையும் முன்கூட்டியே வாங்கிவைக்கட்டும். முப்பது பேர் வரிசை வருவதற்கு முன் முதல் அரைமணி நேரம் அவர் தனியாக, மைக் இல்லாமல், காய்ச்சிய தோலில் வாசிக்கட்டும்.