18 சென்டிமீட்டர் போர்ஷே

4.3 மீட்டர் நீளமுள்ள போர்ஷே 911 காரை 24-இல் ஒரு பங்காகக் குறுக்கினால் 18 சென்டிமீட்டர் வரும். கதவு, சக்கரம், ஸ்டியரிங், வைப்பர் எல்லாம் அச்சில் அதே விகிதத்தில் ஒழுங்காகச் சுருங்கிவிடும். பெயின்ட் மட்டும் சுருங்காது. தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் நிஜக் காரின் மேல் சுமார் 120 மைக்ரான் பெயின்ட் இருக்கிறது. இந்தக் குட்டிக் காரில் அது 5 மைக்ரானாக இருந்தாக வேண்டும். ஏர்பிரஷ்ஷில் எவ்வளவு மெலிதாகத் தூவினாலும் பிரைமர், நிறம், கிளியர் கோட் மூன்றும் சேர்ந்து 50 மைக்ரானைத் தாண்டிவிடுவது சாதாரணம். பெருக்கிப் பார்த்தால், ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் பெயின்ட் அப்பிய கார் அது.

மாடல் கார்களைப் பார்த்துப் பழகியவரின் கண் நேராகக் கதவு இடுக்குக்குப் போவது இதனால்தான். நிஜத்தில் 4 மில்லிமீட்டர் உள்ள இடுக்கு, மாடலில் 0.17 மில்லிமீட்டர். இரு பக்கமும் பெயின்ட் ஏறினால் பாதிக்கு மேல் அடைபட்டுவிடும். கைதேர்ந்தவர்கள் பெயின்டைத் தொடுவதற்கு முன்பே கூர்மையான கொக்கிக் கத்தியால் அந்தக் கோடுகளை ஆழமாகக் கீறி வைத்துக்கொள்வது, பின்னால் வரப்போகும் தடிமனுக்கு இடம் ஒதுக்கத்தான்.

நிறத்திலும் இதே சிக்கல். உலோகப் பளபளப்புள்ள கார் பெயின்டில் மினுங்குபவை அலுமினியத் துகள்கள். 30 மைக்ரான் துகளை 24-ஆல் பெருக்கினால் 0.7 மில்லிமீட்டர், கார் முழுக்க ரவையைத் தூவியதுபோல் இருக்கும். எனவே கார் ஷெட்டில் கிடைக்கும் அசல் பெயின்ட், மாடலின் மேல் பொய்யாகத் தெரியும். மாடலுக்கென்றே துகளை மிக நுண்மையாக அரைத்துத் தயாரித்த லாக்கர் பெயின்ட்தான் மெய்யாகத் தெரியும். சிவப்புக்கு வேறொரு தந்திரம் உண்டு. சாம்பல் பிரைமர் மேல் அடித்த சிவப்பு மங்கிப்போகும். இளஞ்சிவப்பு பிரைமர் மேல் அடித்தால் அடியிலிருந்து சூடு ஏறும். ஜப்பானின் தமியா நிறுவனம் இளஞ்சிவப்பு பிரைமரை டப்பாவிலேயே அடைத்து விற்கிறது.

ஷிசுவோகா நகரத்துத் தமியா 1946-இல் மர வியாபாரத்தில் தொடங்கிய நிறுவனம். மர பொம்மைகள் வழியாகப் பிளாஸ்டிக்குக்கு வந்தது. 1976-இல் 1/12 அளவில் போர்ஷே 934 டர்போ கிட்டைத் தயாரிக்கும்போது, படங்களும் அளவுகளும் போதாமல், பின்னாளில் நிறுவனத்தின் தலைவரான ஷுன்சாகு தமியா நிஜ 911 ஒன்றை விலைக்கு வாங்கி நட்டு போல்ட்டுவரை கழற்றினார். திரும்பப் பூட்டுவதற்கு போர்ஷே மெக்கானிக்குகளை அழைக்க வேண்டியதாயிற்று. பெட்டிக்குள் இத்தனை உழைப்பு இருந்தாலும், அதிலிருந்து வெளிவருவது பெயின்ட் அடிக்காத உதிரிகள்தான். மீதிக் கார் வாங்கியவர் கையில் இருக்கிறது.

அந்த மீதி எவ்வளவு என்பதற்கு மெக்லாரன் எம்பி4/4 நல்ல உதாரணம். 1988-இல் 16 ஃபார்முலா ஒன் பந்தயங்களில் 15-ஐ வென்ற கார். ஓட்டியவர்கள் செனாவும் ப்ராஸ்ட்டும். அதன் சிவப்பு, அதில் விளம்பரம் செய்த சிகரெட் நிறுவனத்தின் பெட்டியிலுள்ள சிவப்பு அல்ல. தொலைக்காட்சியில் சரியான சிவப்பாகத் தெரிய வேண்டும் என்று அடிக்கப்பட்ட, ஆரஞ்சுக்குச் சாய்ந்த ஒளிரும் சிவப்பு. ஒளிரும் நிறமி, ஒளி பாதி ஊடுருவக்கூடியது. அடியில் தூய வெள்ளை இல்லாவிட்டால் அழுக்காகிவிடும். வெள்ளையாகவே விட வேண்டிய பகுதி முழுவதையும் மாஸ்கிங் டேப்பால் மூடி, டேப்பின் ஓரத்தில் முதலில் வெள்ளையையே மீண்டும் ஒருமுறை மெலிதாகத் தூவி, சந்துகளை அடைத்த பிறகே சிவப்பைக் கொண்டுவருவார்கள். கசிந்தால் வெள்ளைக்குள் வெள்ளைதான் கசியும். பிற்காலத்தில் வந்த பெட்டிகளில் சிகரெட் நிறுவனத்தின் பெயர் இருக்காது. அந்த எழுத்துகளை மட்டும் டீகாலாக அச்சிட்டு விற்கும் சிறு தொழிலே தனியாக வளர்ந்திருக்கிறது.

பெயின்ட் காய்ந்ததும் வேலை முடிவதில்லை. ஏர்பிரஷ் விட்டுச் சென்ற மேடுபள்ளம், ஆரஞ்சுத் தோல்போல் தெரியும். அதை 2000 கிரிட்டில் தொடங்கி 12000 வரை நுண்மை கூடிக்கொண்டே போகும் தாள்களாலும் துணிகளாலும் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கடைசியில் பாலிஷ் போட வேண்டும். ஆபத்து விளிம்புகளில் இருக்கிறது. பானெட்டின் முனையிலும் மட்கார்டின் வளைவிலும் ஒரு தேய்ப்பு கூடினால் பிரைமர் பல்லிளிக்கும். எனவே விளிம்புகளுக்குத் தனியாக டேப் ஒட்டிக்கொண்டு தேய்ப்பவர்களும் உண்டு.

இனி சின்ன விஷயங்கள். கதவு இடுக்கில் மெலிதாகக் கரைத்த எனாமலை ஒரு துளி வைத்தால் அது தானே கோடு நெடுக ஓடி நிழலாகிவிடும். கீழே இருப்பது லாக்கர் என்பதால், எனாமல் தின்னர் தொட்ட பஞ்சால் மிச்சத்தைத் துடைத்துவிடலாம். சிவப்புக் காருக்குக் கரும்பழுப்பு, வெள்ளைக் காருக்குச் சாம்பல். வெள்ளைக் காரில் கறுப்பு ஓடினால் பேனாவால் வரைந்த படம் ஆகிவிடும். குரோம் பட்டைகளுக்கு, பின்புறம் பசையுள்ள மெல்லிய உலோகத் தாள். இதில் ரசிக்கத்தக்க ஒரு வித்தை உண்டு. பானெட்டில் புடைத்திருக்கும் பெயர் எழுத்துகளின் மேல் பெயின்டுக்கு முன்பே இந்தத் தாளை ஒட்டிவிடுவார்கள். மேலே நிறம் அடித்துக் காய்ந்த பின், எழுத்தின் முகட்டை மட்டும் மெல்லத் தேய்த்தால் பெயின்ட் விலகி வெள்ளி எழுத்துகள் எழும். எந்தத் தூரிகையாலும் அவ்வளவு சன்னமாக எழுத முடியாது.

கிட்டையே தொடாதவர்களும் இருந்தார்கள். இங்கிலாந்தின் ஜெரால்ட் விங்ரோவ் பழைய புகாட்டி, டூசன்பர்க் கார்களைத் தானே அளந்து, 1/15 அளவில், பித்தளையைக் கடைந்தும் கம்பியைப் பின்னியும் ஒவ்வொரு பாகமாகச் செய்தார். அவருடைய கம்பிச் சக்கரங்கள் நிஜமாகவே ஆரக்கால் ஆரக்காலாகக் கோத்தவை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1930 முதல் 1968 வரை நடத்திய ஃபிஷர் பாடி கைவினைப் போட்டியில், தொடக்க ஆண்டுகளுக்குப் பின், சிறுவர்கள் மரத்தைச் செதுக்கி, சொந்தக் கற்பனையில் 1/12 அளவில் கார்கள் செய்து, பெயின்ட் அடித்து அனுப்பினார்கள். பரிசு, கல்லூரி உதவித்தொகை. 1947-இல் முதலிடம் பெற்ற சார்லஸ் ஜோர்டன் பின்னாளில் அதே நிறுவனத்தில் வடிவமைப்புக்கே பொறுப்பான துணைத் தலைவரானார்.

ரசிகர்களிடையே ஒரு சண்டை மட்டும் தீர்வதாயில்லை. கூரையில் டியூப்லைட்டின் பிம்பம் நெளியாமல் விழ வேண்டும் என்பது ஒரு கட்சி. 1970 வாக்கில் லெ மான்ஸில் ஓடிய பந்தயக் கார் அவசரத்தில் பெயின்ட் அடிக்கப்பட்டது, பந்தயம் முடியும்போது எண்ணெயும் பூச்சிகளும் ரப்பர் தூசியும் அப்பியிருந்தது, அதைக் கண்ணாடியாக மெருகேற்றுவது வரலாற்றுப் பிழை என்பது மறு கட்சி. ஆண்டுதோறும் மே மாதம் ஷிசுவோகாவில் மாடல் கிளப்புகள் கூடும் கண்காட்சியில் இரண்டு வகைக் கார்களும் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் நிற்கின்றன. எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் முதலில் குனிந்து பார்ப்பது கதவு இடுக்கைத்தான்.