சிகரெட் கம்பெனிக்கும் தொலைநோக்கு உண்டு

"ஊழியர்களை நிறுவனத்தின் நீண்டகால நோக்கத்தோடு இணைப்பது எப்படி?" ஐடி கம்பெனிகளில் இந்தத் தலைப்பில் நடக்கும் பயிற்சிகளைத் தோண்டிக்கொண்டே போனால் பல சமயம் ஒரே புத்தகத்தில் போய் முட்டும். ஜிம் காலின்ஸும் ஜெர்ரி போராஸும் எழுதி 1994-இல் வந்த 'பில்ட் டு லாஸ்ட்'. ஆறு வருட ஆராய்ச்சி, 18 நிறுவனங்கள், ஒவ்வொன்றோடும் ஒப்பிட இன்னொரு நிறுவனம். முடிவு இதுதான்: நீடித்து நிற்கும் கம்பெனிக்கு லாபத்தைத் தாண்டி ஒரு நோக்கம் இருக்கும். மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொள்வார்கள், அதை மட்டும் தொட மாட்டார்கள்.

இதற்கான வழக்கமான மறுப்பு பலருக்கும் தெரிந்திருக்கும். ஃபில் ரோசன்ஸ்வைக் 2007-இல் எழுதிய 'தி ஹேலோ எஃபெக்ட்' அதை விளக்கமாகச் சொல்கிறது: ஜெயித்தவனைப் பார்த்துக்கொண்டு எழுதினால் அவன் செய்த எல்லாமே சரியாகத்தான் தெரியும். சரிதான். ஆனால் என்னை உறுத்துவது வேறு.

அந்த 18-இல் ஒன்று ஃபிலிப் மோரிஸ். மார்ல்பரோ சிகரெட் கம்பெனி. கைதவறிச் சேர்த்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். நோக்கம் 'நல்ல' நோக்கமாக இருக்க வேண்டிய அவசியமில்லை, உள்ளே இருப்பவர்கள் அதை எவ்வளவு ஆழமாக நம்புகிறார்கள் என்பதுதான் முக்கியம் என்று ஆசிரியர்களே தெளிவாகச் சொல்கிறார்கள். இன்னொரு அத்தியாயம் இந்தக் கம்பெனிகளின் பண்பாட்டை ஏறக்குறைய ஒரு மதக்குழுவுக்கு ஒப்பிடுகிறது. ஒத்துப்போகாதவர் வெளியே போய்விடுவார். அது குறையல்ல, பலம் என்கிறது புத்தகம்.

இங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. புத்தகம் அளப்பது ஊழியரின் நம்பிக்கையை. அந்த வேலை யாரைப் போய்ச் சேருகிறது, அவருக்கு என்ன ஆகிறது என்பது கணக்கிலேயே இல்லை. கயிற்றின் இந்த முனை எவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருக்கிறது என்று இழுத்துப் பார்க்கிறோம். அந்த முனையில் என்ன கட்டியிருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

மறுமுனையிலிருந்து தொடங்கிய ஒரு உதாரணம் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி. வெளியூர்க்காரர்களுக்குப் பாலசுப்பிரமணிய சுவாமி கோயில் ஊர். அமர் சேவா சங்கம் இருப்பதும் இங்கேதான். எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல் பெங்களூரில் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் விழுந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. தனக்குச் சிகிச்சை தந்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சஹலின் பெயரில் 1981-இல் சங்கத்தைத் தொடங்கினார். அது உலக மாற்றுத்திறனாளிகள் ஆண்டு. ஆரம்பத்தில் ஒரு கூரைக் கொட்டகை, ஐந்து குழந்தைகள். பின்னால் சேர்ந்து நிர்வாகத்தைத் தோளில் வாங்கிக்கொண்ட எஸ். சங்கரராமன் ஒரு ஆடிட்டர். தசைச்சிதைவு நோயால் அவரும் சக்கர நாற்காலியில்தான். ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்தக் கதையை 'விடாமுயற்சி' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நிர்வாகவியல் கண்ணில் எனக்குப் படுவது வேறு. மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சமமாகச் சேர்ந்து வாழும் ஒரு பள்ளத்தாக்கை உருவாக்குவது என்பது இவர்களின் தொலைநோக்கு. பெரிய வார்த்தைதான். எந்த கார்ப்பரேட் போஸ்டரிலும் பொருந்தும். ஆனால் இங்கே அது தினசரி வேலையாக எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். மறுவாழ்வுப் பணியாளர் கிராமத்தில் வீட்டுக்கே போகிறார். குழந்தைக்கான பயிற்சியைத் தாய்க்குச் சொல்லிக்கொடுக்கிறார். நடந்ததை 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்ற செயலியில் பதிகிறார். தூரத்திலிருக்கும் இயன்முறை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் அதைப் பார்த்து வழிகாட்டுகிறார்கள். இலக்கு என்பது அந்தக் குழந்தை உட்காருவது, கரண்டியைப் பிடிப்பது. பள்ளத்தாக்குக்கும் கரண்டிக்கும் நடுவே எத்தனை படி? இரண்டு, மூன்று. அவ்வளவுதான். டவுன்ஹால் வைத்து யாரையும் 'இணைக்க' வேண்டிய தேவை அங்கே குறைவு.

"அது சேவை நிறுவனம் பாஸ், கம்பெனியோடு எப்படி ஒப்பிடுவீங்க?" நியாயமான கேள்வி. சேவை என்ற சொல்லே குறைந்த சம்பளத்துக்குச் சாக்காகப் பயன்படும் இடங்களும் நாட்டில் உண்டு. நோக்கம் எவ்வளவு உயர்ந்ததோ, அதை வைத்து ஊழியரின் ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்குவதும் அவ்வளவு சுலபம். ஆனால் தூரத்தைக் குறைப்பது கம்பெனியிலும் முடியும். ஆடம் கிராண்ட் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்கும் ஊழியர்களில் ஒரு பகுதியினர், அந்தப் பணத்தால் படித்த ஒரு மாணவரை ஐந்து நிமிடம் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அவர்கள் போனில் செலவிட்ட நேரம் இரண்டு மடங்குக்கு மேல். திரட்டிய தொகையும் அப்படியே. யாரும் தொலைநோக்கு அறிக்கை வாசிக்கவில்லை. ஒரு ஆளைக் காட்டினார்கள், அவ்வளவே.

நம் துறையில் இது ரொம்பச் சாதாரணம். டெவலப்பரை மாதம் ஒரு நாள் சப்போர்ட் அழைப்பில் உட்கார வைக்கலாம். காலாண்டுக்கு ஒரு முறை வாடிக்கையாளரின் கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ அனுப்பலாம். செலவு, ஒரு 'விஷன் வொர்க்‌ஷாப்' நடக்கும் ரிசார்ட் வாடகையைவிடக் குறைவு. பின் ஏன் செய்வதில்லை? மறுமுனையைப் பார்த்த ஊழியர் சில சமயம், "இந்த ஃபீச்சர் அவங்களுக்கு வேண்டவே வேண்டாம்" என்று திரும்பி வந்து சொல்லிவிடுவார். நோக்கத்தோடு உண்மையிலேயே இணைந்தவர் அதைக் காட்டி நிர்வாகத்தையே கேள்வி கேட்பார். அந்த இணைப்பைத் தாங்க எத்தனை நிர்வாகங்கள் தயார்?

காலின்ஸ், போராஸ் இருவருக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். 1996-இல் எழுதிய கட்டுரையில் அவர்களே ஒரு நல்ல கேள்வி வைத்திருக்கிறார்கள்: உங்கள் கம்பெனி ஒரே நாளில் இல்லாமல் போனால், எது இழப்பு? பிரச்சினை, அதை மீட்டிங் ரூமில் மேனேஜர்களிடமே கேட்கச் சொல்கிறார்கள். வெளியே வந்து, அந்த வேலை போய்ச் சேரும் ஆளிடம் கேட்க வேண்டும். ஆய்க்குடிப் பக்கத்துக் கிராமத்தில், பணியாளர் அடுத்து எப்போது வருவார் என்று காத்திருக்கும் ஒரு தாயிடம் கேட்டால் பதில் உடனே வரும். மார்ல்பரோ பிடிப்பவரிடம் கேட்டாலும் ஒரு பதில் வரும்தான். அவர் வீட்டில் இருப்பவர்களிடமும் சேர்த்துக் கேளுங்கள்.