‘பெண்களின் நிலை’ என்றொரு பத்தி

தபாலில் வந்த என் எம்.ஏ. வரலாற்றுப் பாடநூல்களில் பண்டைய கிரேக்கமும் ரோமும் ஒரே தாளில் அடங்கியிருந்தன. எழுதியவர்கள் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்திருந்தார்கள். முதலில் நிலவியல், பிறகு போர்கள், அரசியலமைப்பு, பொருளாதாரம், கலை. எல்லாம் முடிந்தபின், தன்மதிப்பீட்டு வினாக்களுக்குச் சற்று முன்னால், ‘பெண்களின் நிலை’ என்று ஒரு பத்தி. ஏதென்ஸ் பெண்கள் வீட்டுக்குள் இருந்தார்கள்; ஸ்பார்ட்டா பெண்கள் உடற்பயிற்சி செய்தார்கள்; ரோமப் பெண்கள் ஓரளவு சுதந்திரம் அனுபவித்தார்கள். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு அது போதும்.

அந்தப் பத்தி சிறியது என்பது என் குறை அல்ல. அது வைக்கப்பட்டிருக்கும் இடம்தான் குறை. அரசியலும் பொருளாதாரமும் முடிந்தபிறகு பெண்களைப் பற்றிப் பேசினால், அவையெல்லாம் பெண்கள் இல்லாமலே நடந்தன என்று மாணவி புரிந்துகொள்கிறாள். மூல நூல்கள் அப்படிச் சொல்லவில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும் மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடநூலைப் படித்தபோது, அந்தப் பத்தியில் இருக்க வேண்டியவை முந்தைய பக்கங்களில் பெண் என்ற சொல்லே இல்லாமல் சிதறிக் கிடப்பதைப் பார்த்தேன்.

‘ஜனநாயகத்தின் வளர்ச்சி’ என்ற தலைப்பின் கீழ் ஒரு சட்டம் வருகிறது. கி.மு. 451இல் பெரிக்ளிஸ் கொண்டுவந்தது. தந்தை, தாய் இருவருமே ஏதென்ஸ் குடிமக்கள் குடும்பத்தில் பிறந்திருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. பாடநூல் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறது. கொஞ்சம் நின்று யோசித்தால், இந்தச் சட்டத்துக்குப் பிறகு ஓர் ஆணின் வாக்குரிமை அவன் தாய் யார் என்பதைப் பொறுத்தது. அந்தத் தாய்க்கு வாக்கு இல்லை. நீதிமன்றத்தில் தனக்காகப் பேசும் உரிமையும் இல்லை. ஆனால் அவள் யாருடன் வாழ்ந்தாள், யாருக்குப் பிள்ளை பெற்றாள் என்பது அரசாங்க விவகாரமாகிவிட்டது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் நியாயிரா என்ற பெண் குடிமகன் ஒருவனின் மனைவியாக நடித்து வாழ்கிறாள் என்று வழக்குத் தொடுத்தார்கள். குற்றம்சாட்டிய அப்போலோடோரஸின் உரை முழுதாக நமக்குக் கிடைத்திருக்கிறது. நியாயிராவின் சொல் ஒன்றுகூட அதில் இல்லை.

சொத்திலும் இதே கதைதான். ஆண் வாரிசில்லாமல் இறந்தவரின் மகளுக்கு ஏதென்ஸில் ‘எபிக்ளெரோஸ்’ என்று பெயர். சொத்துடன் சேர்ந்து வருபவள் என்று அதை விளக்கலாம். தந்தைவழியில் நெருங்கிய ஆண் உறவினர், பெரும்பாலும் சித்தப்பாவோ பெரியப்பாவோ அவர்கள் மகனோ, அவளை மணக்க உரிமை கோரலாம். நம் ஊரில் தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் உள்ள முறை வேறு. அங்கே தந்தைவழி உறவு. ஆனால் ‘சொத்து வெளியே போகக் கூடாது’ என்ற நியாயம் இரண்டுக்கும் பொது. கல்யாணப் பேச்சு நடக்கும் கூடத்தில் உட்கார்ந்த எந்தப் பெண்ணுக்கும் இந்தச் சட்டத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது.

செனபன் எழுதிய ‘ஒய்கனாமிகஸ்’ நூலின் பெயரும் ‘எகானமி’ என்ற சொல்லும் ஒரே கிரேக்க வேரிலிருந்து வந்தவை. பாடநூலில் அது பொருளாதாரப் பகுதியில் இடம்பெறுகிறது. நூலுக்குள் போனால் இஸ்கோமகஸ் என்ற நிலக்கிழான் சாக்ரட்டீஸிடம், தன்னிடம் வந்தபோது தன் மனைவிக்குப் பதினைந்து வயதுகூட ஆகவில்லை என்கிறான். முடிந்தவரை குறைவாகப் பார்த்து, குறைவாகக் கேட்டு வளர்க்கப்பட்டவள் என்கிறான். தானியத்தை எங்கே வைப்பது, அடிமைகளை எப்படி வேலை வாங்குவது என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்ததை விவரிக்கிறான். அவள் பெயர் மட்டும் நூலில் எங்கும் வரவில்லை. பெரிக்ளிஸின் புகழ்பெற்ற இரங்கலுரையை என் பாடநூல் ஒன்றரைப் பக்கத்துக்குச் சுருக்கித் தருகிறது. அதன் முடிவில் போர் விதவைகளைப் பார்த்து, ஆண்களிடையே உங்களைப் பற்றிய பேச்சே எழாமலிருப்பதுதான் உங்களுக்குப் பெருமை என்று அவர் சொல்லும் இடத்துக்கு முன்பே சுருக்கம் நின்றுவிடுகிறது.

‘வீட்டுக்குள் இருந்தார்கள்’ என்ற வரியையும் கேள்வி கேட்க வேண்டும். எந்தப் பெண்கள்? இஸ்கோமகஸின் வீட்டில் மாவரைத்தவர்களும் நெய்தவர்களும் அடிமைப் பெண்கள். ஏழைகளின் மனைவியர் வெளியே போவதை எப்படித் தடுக்க முடியும் என்று அரிஸ்டாட்டிலே கேட்கிறார். அடிமை வைத்துக்கொள்ள வசதியில்லாதவன் மனைவியைத்தான் வேலைக்கு அனுப்புவான் என்பது அவருக்குத் தெரியும். காரைக்காலில் கிளிஞ்சல்மேட்டிலிருந்து அன்னக்கூடையில் மீன் சுமந்து வருகிற பெண்களைத் தெருவில் பார்க்கிற நமக்கும் இது தெரியும். நம் ஊரின் வரலாற்றையும் யாராவது ‘பெண்கள் வீட்டுக்குள் இருந்தார்கள்’ என்று எழுதினால், அது எந்தத் தெருவின், எந்தச் சாதியின் வீடு என்று கேட்போம். ஏதென்ஸிடமும் அதையே கேட்கலாம்.

ரோமுக்கு வருவோம். ஹானிபலிடம் கன்னேயில் தோற்ற மறுவருடம், கி.மு. 215இல், ஒப்பியச் சட்டம் வந்தது. எந்தப் பெண்ணும் அரை அவுன்ஸுக்கு மேல் தங்கம் வைத்திருக்கக் கூடாது. பல வண்ண ஆடை அணியக் கூடாது. நகருக்குள் வண்டியில் போகக் கூடாது. போர் முடிந்து ஆண்கள்மீதிருந்த சுமைகள் விலகியபின்னும் இது நீடித்தது. கி.மு. 195இல் இதை நீக்கக் கோரிப் பெண்கள் தெருக்களை அடைத்து நின்றார்கள். மன்றத்துக்குப் போகும் ஆண்களை வழிமறித்துப் பேசினார்கள். வெளியூர்ப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். எதிர்த்த ட்ரிப்யூன்களின் வீட்டு வாசலைச் சூழ்ந்து, அவர்கள் பின்வாங்கும்வரை நகரவில்லை. சட்டம் நீக்கப்பட்டது. என் பாடநூலில் இதற்கு ‘ஆடம்பர மோகம்’ என்று தலைப்பு. அது கேட்டோவின் கட்சி. ஆண்கள் வாசல் மறியல் செய்தால் இயக்கம், பெண்கள் செய்தால் நகை ஆசை. கி.மு. 42இல் 1400 பணக்காரப் பெண்களின்மேல் போர் வரி விதித்தபோது ஹோர்டென்சியா பொது மன்றத்தில் நின்று, பதவியிலும் அதிகாரத்திலும் எங்களுக்குப் பங்கில்லாதபோது வரி எதற்கு என்று வாதாடினார். எண்ணிக்கை 400ஆகக் குறைந்தது. அவர் என் பாடநூலில் இல்லவே இல்லை.

ரோமப் பெண்ணுக்குத் தந்தையின் குலப்பெயரே பெயர். ஜூலியஸ் குலத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் ஜூலியா. இரண்டு பேர் இருந்தால் மூத்தவள், இளையவள். எங்கள் ஊரின் பெயரால் அறியப்படும் அம்மையாரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. புனிதவதி என்ற பெயர் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொல்லி நமக்குத் தெரிந்தது. தன் பாடல்களில் அவர் தன்னைக் காரைக்காற்பேய் என்றே சொல்லிக்கொள்கிறார். தந்தையின் பெயரோ, கடல் வணிகம் செய்த கணவனின் பெயரோ அதில் இல்லை. பெயர் வைக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்ற கேள்வியோடு ரோமையும் காரைக்காலையும் சேர்த்துப் படிக்கலாம்.

ரோமின் சட்டமும் சுற்றிவளைத்து இங்கே வந்திருக்கிறது. 1804இல் நெப்போலியன் கொண்டுவந்த பிரெஞ்சுச் சிவில் சட்டத்தில் ரோமச் சட்டத்தின் தடங்கள் நிறைய. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று அதன் 213ஆம் பிரிவு சொன்னது. பிரான்ஸில் அந்தக் கடமை 1938இல்தான் நீங்கியது. 1954வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில், 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தம் வழக்கச் சட்டங்களைத் துறந்தவர்கள் அந்தச் சிவில் சட்டத்தை ஏற்றார்கள். ரோமக் குடும்பத் தலைவனின் அதிகாரம் பற்றிப் படிக்கும் எங்கள் ஊர் மாணவிக்கு அது தொலைதூரச் செய்தி அல்ல.

நம் பாடநூல்கள் மிக விரும்பி எடுத்தாளும் செய்தி ஒன்று உண்டு. இந்தியா, சீனா, அரேபியா மூன்றும் ஆண்டுதோறும் ரோமிடமிருந்து 10 கோடி செஸ்டர்ஸ் பறித்துக்கொள்கின்றன என்ற பிளினியின் புலம்பல். தமிழரின் வணிகப் பெருமைக்குச் சான்றாக மேடைகளிலும் இதைக் கேட்கிறோம். பிளினி அந்த இடத்தில் காரணமும் சொல்கிறார்: நம் ஆடம்பரமும் நம் பெண்களும் நமக்கு வைக்கும் செலவு இவ்வளவு என்கிறார். பெருமை பேசுகிறவர்கள் எண்ணை எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிடுகிறார்கள், அல்லது ரோமப் பெண்களின் நகை மோகம் என்று அப்படியே ஒப்புக்கொள்கிறார்கள். கப்பலில் போனது பெரும்பகுதி மிளகு. அதை எல்லோரும் தின்றார்கள். கி.பி. 16இல் ரோமச் செனட் ஆண்கள் பட்டு உடுத்தக் கூடாது என்று தீர்மானம் போட வேண்டியிருந்தது. லோலியா பவுலினா என்ற பெண் 4 கோடி செஸ்டர்ஸ் மதிப்புள்ள முத்தும் மரகதமும் அணிந்து விருந்துக்கு வந்ததைப் பிளினி சொல்கிறார். அது அவள் பாட்டன் மாகாணங்களைக் கொள்ளையடித்துச் சேர்த்த சொத்து என்பதையும் அவரே சொல்கிறார். கொள்ளையடித்தவன் பாட்டன், ஆடம்பரத்துக்கு எடுத்துக்காட்டாக நிற்பவள் பேத்தி.

சரக்கின் இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பாண்டிய நாட்டுக் கடலில் முத்துக் குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்கிறது ‘எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்’. உறையூரைக் குறிப்பதாகக் கருதப்படும் அர்காருவின் மெல்லிய துணிகளையும் அது சொல்கிறது. அந்த நூலை நூற்றவர்கள் யார்? சங்கப் பாடல்களில் நூல் நூற்பவர்கள் பெண்கள், துணையில்லாத பெண்கள். பாண்டியன் நன்மாறனைப் பாடும் நக்கீரர், யவனர் கொண்டுவந்த மதுவை வளையணிந்த பெண்கள் பொற்கலத்தில் ஊற்றித்தர அருந்துமாறு வாழ்த்துகிறார். இந்தப் பாட்டு யவனர் வணிகத்துக்குச் சான்றாக எத்தனையோ கட்டுரைகளில் வருகிறது. ஊற்றித்தருகிற பெண்களைப் பற்றி யாரும் நின்று பேசுவதில்லை.

எங்கள் யூனியன் பிரதேசத்திலேயே அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் அங்கே அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலரின் பெயர் எல்லாப் பாடநூலிலும் உண்டு. ரோம வணிகமே அந்த ஊரை உருவாக்கியது என்ற அவர் கணிப்பை மறுத்தவர் ஒரு பெண், விமலா பெக்லி. 1983இல் கட்டுரை எழுதி, 1989 முதல் 1992 வரை தானே அகழாய்வு செய்து, ரோமர் தொடர்புக்கு முன்பே அங்கே ஊர் இருந்தது என்று காட்டினார். என் பாடம் வீலரோடு நின்றுவிட்டது.

இதெல்லாம் பாடம் எழுதுவோரின் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். ஆனால் தொலைநிலைக் கல்வியில் பாடநூல்தான் ஆசிரியர். வகுப்பில் கை தூக்கிக் கேட்க வழியில்லாதவளுக்கு அச்சில் இருப்பதே வரலாறு. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் தொடங்கியது. 1985இல் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. இதன் பயனாளிகள் பட்டியலில் இல்லத்தரசிகள் தவறாமல் இடம்பெறுவார்கள். இந்த வழி இல்லாவிட்டால் திருமணத்துக்குப் பின் நான் படித்திருக்க மாட்டேன். அதை ஒருபோதும் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் ‘வீட்டிலிருந்தே படிக்கலாம்’ என்ற சலுகைக்கு இரண்டு முகம். வாசலைத் தாண்டாமல் படித்துக்கொள் என்றும் அது சொல்கிறது. பாத்திரம் கழுவி முடித்தபின் மிஞ்சும் நேரத்தில்தான் பாடம். நேர்முக வகுப்புக்கு ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏற வீட்டில் சம்மதம் வாங்க வேண்டும். இஸ்கோமகஸின் மனைவியும் வீட்டிலிருந்தே படித்தவள்தான், வீட்டுக்குத் தேவையானதை மட்டும். நமக்கு வரும் நூல் வீட்டைத் தாண்டியது. ஆனால் வீட்டைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

ஆகவே இந்தத் தாளைப் படிக்கப்போகும் பெண்களுக்கு ஒரு யோசனை. ‘பெண்களின் நிலை’ பத்தியை முதலில் படியுங்கள். பிறகு குடியுரிமை, சொத்து, வரி, வணிகம் என்று ஒவ்வொரு தலைப்புக்கும் போய், இங்கே பிள்ளை பெற்றவள் யார், நூற்றவள் யார், பேச முடியாமல் நின்றவள் யார் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். நேர்முக வகுப்பு என்று ஒன்று இருந்தால் எப்படியாவது போய், அந்தக் குறிப்புகளைப் பக்கத்து இருக்கைப் பெண்ணுடையதோடு ஒப்பிடுங்கள். பாடம் எழுதும் இடத்துக்கு நம்மில் யாராவது வரும்போது அந்தப் பத்தியைப் பிரித்து உரிய பக்கங்களில் சேர்க்க அந்தக் குறிப்புகள் உதவும்.